டைரக்ட்டும் ஐந்து கால் ரிலேயும்

டைரக்ட் என்ற பெயரை அவருக்கு யார் வைத்தது என்று எனக்குத் தெரியாது. வைத்த ஆளுக்கு ஆண்டவன் நிறைந்த புத்தியைக் கொடுத்திருக்கிறான் என்று மட்டும் தெரியும்.

பழைய வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பது அவர் தொழில். ஹாரன் அடிக்கவில்லை என்று ஒரு வண்டி வந்து நிற்கும். பானெட்டைத் தூக்குவார். வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். "ஒண்ணுமில்ல, டைரக்ட் பண்ணிடலாம்" என்பார். முன்விளக்கு மங்கல் என்று இன்னொருவன் வருவான். அவனுக்கும் டைரக்ட். வைப்பர் ஓடவில்லையா, டைரக்ட். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா, அதுவும் டைரக்ட். நடுவில் வண்டி செய்தவன் என்ன டப்பா வைத்திருந்தாலும் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு ஒயர், ஸ்விட்சிலிருந்து விளக்குக்கு ஒரு ஒயர் இழுத்துவிடுவார். அவர் அறிந்த வித்தை இந்த இரண்டு ஒயர்தான். அதை வைத்துக்கொண்டே தலை நரைத்தார்.

நான் வண்டிகளுக்குச் சீட்டுத் தைக்கிறவன். எங்கள் இருவருக்கும் ஒரே தகரக் கூரை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. பிறரைக் குறைவாக நினைக்கக் கூடாது என்று தினமும் காலையில் கும்பிடும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு அவர் வந்து கடையைத் திறப்பார். அதோடு அன்றைய வேண்டுதல் முடிந்துபோகும்.

சட்டைப் பையில் பேனா குத்தவேண்டிய இடத்தில் டெஸ்டர் குத்தியிருப்பார். அது பளபளவென்று இருக்கும், ஏனென்றால் எதையும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒயரின் மேல்தோலைப் பல்லால் கடித்து உரிப்பார். அதில் முன்பல் ஒன்று பாதி தேய்ந்து, அவர் சிரித்தால் பல்லுக்குப் பதில் ஒரு சின்ன ஜன்னல் தெரியும். ஒயர் எல்லாம் சிவப்பு. மலிவாகக் கிடைத்தது என்று ஒருமுறை பெரிய ரோலாக வாங்கிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து வண்டி எதைத் திறந்தாலும் உள்ளே ஒரே சிவப்பாகக் குடல்போலக் கிடக்கும். எது எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

"ஏண்ணே, ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு கலர் போட்டா அடுத்தவன் பாக்க சௌகரியமா இருக்குமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"அடுத்தவன் எதுக்குப் பாக்கணும், சாமியாரே?" என்றார். நான் கும்பிடுகிறவன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது. "நான் பாத்த வண்டிய நான்தான் பாக்கணும்."

அவர் வீட்டில் மட்டும் இந்த வீரம் செல்லாது. ஒருமுறை வீட்டுச் சீலிங் ஃபேனைக் கழற்ற ஏணி போட்டாராம். அவர் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இறங்கறீங்களா, நான் பிள்ளைங்களக் கூட்டிட்டு வெளிய போய் நிக்கட்டுமா?" என்று கேட்டாளாம். அந்த ஃபேனை வெளியாள் வந்துதான் பார்த்தான். கட்டிக்கொண்டவளுக்குத் தெரிந்தது ஊரில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

இளவயதில் மைக்செட்டுக் கடையில் இருந்தார். கூட்டம் நடக்கிற இடங்களில் ஒலிபெருக்கி கட்டுவது வேலை. பேச வந்தவர் மைக்கைத் தொட்டதும் துள்ளிக் குதித்த நிகழ்ச்சி ஒன்று நடந்ததாகச் சொல்வார்கள். அதோடு அந்தக் கடை அவரை விட்டது. வண்டி பேட்டரி ஆளைத் தூக்கி அடிக்காது என்று தெரிந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தார். "நான் யார்கிட்டயும் போய் நின்னு கத்துக்கிட்டதில்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அவர் வாயிலிருந்து வந்தவற்றில் அப்பழுக்கில்லாத உண்மை அது ஒன்றுதான்.

இவரிடம் ஏன் வண்டி வருகிறது என்று கேட்பீர்கள். வேகம்தான். டீ ஆறுவதற்குள் வேலை முடியும். விளக்கு பளிச்சென்று எரியும். வண்டிக்காரன் கும்பிடு போட்டுவிட்டுப் போவான். ஸ்விட்ச் கருகுவது பல நாள் கழித்து, வேறு ஊர் ரோட்டில். அந்தப் புகை இவர் மூக்குக்கு வராது.

ரிலே என்றால் என்ன என்று இங்கே சொல்லவேண்டும். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான், ஆனாலும் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததில் இவ்வளவு விளங்கியது. முன்விளக்கு எரிய நிறைய கரண்ட் வேண்டும். அவ்வளவையும் டாஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாக இழுத்தால் அது தாங்காது, சூடாகி உருகும். அதற்காகத்தான் நடுவில் தீப்பெட்டி அளவு ஒரு கறுப்பு டப்பா. ஸ்விட்ச் அந்த டப்பாவுக்குச் சைகை மட்டும் காட்டும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் காந்தமாகி ஒரு இரும்பு நாக்கை இழுக்கும். நாக்கு போய் ஒட்டியதும் பேட்டரியின் பெரிய கரண்ட் தடித்த ஒயரில் நேராக விளக்குக்குப் போகும். நான் தைக்கும்போது காலால் லேசாக அழுத்துகிறேன். கனத்த ரெக்சினை ஊசி குத்துவது மோட்டாரின் பலத்தில். என் பாதம் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்று ஆண்டவனே நினைக்கவில்லை. டைரக்ட் மட்டும் நினைத்தார்.

"ரிலேங்கறது கம்பெனிக்காரன் பொழைக்கறதுக்கு வெச்ச டப்பா" என்பார். "ஒரு கதவு இருக்கவேண்டிய இடத்துல ரெண்டு கதவ வெச்சு ரெண்டு பூட்டு விக்கறான். நாம முட்டாளா?"

அவருக்கு ஒரு தங்கை. நாற்பதைத் தாண்டியவள். அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் புருஷன் இறந்தபோது விட்டுப்போனது ஒரு பழைய வேனும் இரண்டு பெண் குழந்தைகளும். அவள் அழுது முடித்துவிட்டு வேனை ஓட்டக் கற்றுக்கொண்டாள். சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றுக்கு விடியுமுன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவது அவள் வேலை. அந்த ஒரு ரூட்டில்தான் அவள் அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் ஓடின. ரூட் போனால் எல்லாம் போச்சு. அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும்.

வேனில் எது பழுதானாலும் அவள் அண்ணனிடம்தான் கொண்டுவர வேண்டும். வேறு கடைக்குப் போனால், "அண்ணன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது வெளியாள் கை வெக்கறதா?" என்று தெருவில் நின்று கத்துவார். குத்துக்கல் என்று அவரே சொல்லிக்கொண்டதை நான் மறுக்கவில்லை. பெற்றவர்கள் போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இந்தக் கல் ஒன்றுதான் மிச்சம். அதனால் வாயைத் திறக்கமாட்டாள்.

முன்விளக்கு போதவில்லை என்று ஒருமுறை சொன்னாள். அண்ணன் இரண்டு பெரிய பல்புகளைப் போட்டு, வழக்கம்போல டைரக்ட் செய்து அனுப்பினார். சில வாரம் கழித்து ஒரு விடியற்காலையில், வேன் நிறைய ஆள் இருக்கும்போது, டாஷ்போர்டிலிருந்து புகை வந்தது. ஸ்விட்ச் மெழுகுபோல ஒழுகியிருந்தது. பெண்கள் கதவைத் திறந்துகொண்டு குதித்து, மீதி வழியை நடந்து போனார்கள். அவர்களில் ஒருத்தி கம்பெனியில் சொல்லிவிட்டாள். போக்குவரத்தைப் பார்க்கும் சூப்பர்வைசர் வேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரிலே போட்டு முறையா ஒயரிங் பண்ணிட்டு வாங்கம்மா. இல்லன்னா இந்த ரூட்ட வேற வண்டிக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று பிற்பகல் அவள் எங்கள் கொட்டகைக்கு வந்து சொன்னதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

"அண்ணே, ரிலே போடணுமாம்."

"எவன் சொன்னான்?"

"கம்பெனி சூப்பர்வைசர்."

"அவன் சட்டைக்குப் பட்டன் எண்ணறவன். அவனுக்கு என்ன தெரியும்?"

"தெரியுதோ தெரியலையோ, ரூட் அவர் கையில இருக்கு. உனக்கு ரிலே போட வருமா, வராதா? அத மட்டும் சொல்லு."

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. வராது என்று சொல்லும் வாய் அவருக்கு அமையவில்லை. "வருமாவா? பாப்பா, நான் ரிலேவ வேணாம்னு ஒதுக்கினவன். தெரியாதவனா ஒதுக்க முடியும்?" என்றார்.

கடைக்குப் போய் விளக்குக்கு ஒன்றாக இரண்டு ரிலே வாங்கிவந்தார். கடைக்காரன், "நாலு கால் ரிலேவா, அஞ்சு கால் ரிலேவா?" என்று கேட்டானாம். "அஞ்சு" என்று சொல்லியிருக்கிறார். ஏன் அஞ்சு என்று நான் கேட்டதற்கு, "நாலவிட அஞ்சு ஒசத்தி. இதுகூடத் தெரியாதா, சாமியாரே?" என்றார். கால் எண்ணிக்கையில்தான் உயர்வு என்றால் பூரான் நம்மையெல்லாம் கட்டி மேய்க்கவேண்டும்.

நாலு கால் ரிலேயில் இரண்டு கால் கம்பிச் சுருளுக்கு, ஒன்று பேட்டரிக்கு, ஒன்று விளக்குக்கு. ஐந்து காலில் நடுவே ஒன்று கூடுதல். ரிலே சும்மா இருக்கும்போது கரண்ட் அந்த நடுக்காலுக்குப் போய்க்கொண்டிருக்கும். ரிலே இழுத்தால்தான் நடுக்காலை விட்டுவிட்டு ஓரத்துக் காலுக்கு வரும். விளக்கை ஓரத்துக் காலில் மாட்டவேண்டும். இதெல்லாம் டப்பாவின் மேலேயே சின்னப் படமாகப் போட்டிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தாவது மாட்டியிருக்கலாம். படம் பார்ப்பது குழந்தைகள் வேலை என்று அவர் நினைத்தார். விளக்கு ஒயரை நடுக்காலில் செருகிவிட்டு, "நடுவுல உக்காந்திருக்கறவன்தான் தலைவன்" என்று எனக்குப் பாடமும் சொன்னார்.

பேட்டரியில் ஒயரை மாட்டினார். யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை. இரண்டு விளக்கும் பளீரென்று எரிந்தன.

அவர் உள்ளே கையை விட்டு ஸ்விட்சைப் போட்டார். டக் என்று சத்தம் கேட்டது, விளக்கு அணைந்தது. அணைத்தார், எரிந்தது. போட்டார், அணைந்தது. ஒரு மனிதன் தன் தவறை நேருக்கு நேர் பார்க்க ஆண்டவன் எவ்வளவு வெளிச்சம் போட்டுக் காட்டவேண்டும்? இரண்டு பெரிய பல்பு போட்டுக் காட்டினான். டைரக்ட் என்ன செய்தார் தெரியுமா? ஸ்விட்சைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். ஸ்விட்சின் மேலே அச்சடித்திருந்த விளக்குப் படம் வௌவால்போலத் தொங்கியது.

"இப்ப போட்டா எரியுது, அணைச்சா அணையுது. சரியா?" என்றார்.

"அண்ணே, இது எங்கயோ இடிக்குதே" என்றேன்.

"இது பாதுகாப்பு முறை. நாளைக்கு ஸ்விட்சே கெட்டுப்போனாலும் விளக்கு எரியும். நீ ஊசியப் பாரு, சாமியாரே."

நான் ஊசியைப் பார்த்தேன். தங்கை வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனாள். சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். இரண்டு கறுப்பு டப்பா புதிதாக உட்கார்ந்திருந்தது. சரி என்று சொல்லிவிட்டார். சட்டைக்குப் பட்டன் எண்ணுகிறவருக்குப் பட்டன் இரண்டும் சரியாக இருந்தது.

ஆனால் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் ஒரு வேடிக்கை நடந்தது. சாவியைத் திருப்பியதும், விளக்கு அணைந்திருக்கும்போதே, ஒரு கணம் இரண்டும் எரிந்து அணையும். தங்கை கேட்டதற்கு அண்ணன், "வண்டி தூக்கம் கலைஞ்சு கண்ணத் தொறந்து பாக்குது, அவ்ளோதான்" என்றார். ரசித்துச் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை காலை. முந்தின நாள் விடுமுறை, வேன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, "யக்கா, உங்க வண்டி ஆளில்லாமலே கண்ண முழிச்சிட்டிருக்கு" என்று கூப்பிட்டிருக்கிறாள். போய்ப் பார்த்தால் இரண்டு விளக்கும் சாகப்போகிற கரித்துண்டுபோலச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. சாவியைத் திருப்பினால் முனகல்கூட இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேனைத் தள்ளினார்கள். கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது கேட் மூடியிருந்தது. வந்த எல்லாருக்கும் அரைநாள் கூலி போனது.

சூப்பர்வைசர் கத்தவில்லை. "இது ஒரு தடவை. இன்னொரு தடவை நின்னா சொல்ல வரவேண்டாம்மா, வேற வண்டி வரும்" என்று மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னால்தான் பயம்.

"பேட்டரி செத்துப்போச்சு" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

தெருமுனையில் பேட்டரிக் கடை. அதை நடத்துகிற அம்மாவுக்கு வாயும் கையும் ஒரே வேகம். பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் சோதித்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. உன் வண்டியில ஏதோ ஒண்ணு ராத்திரியெல்லாம் உக்காந்து குடிக்குது. அது யாருன்னு பாரு" என்றாள். தங்கை அதை அண்ணனிடம் சொன்னாள். "பேட்டரி விக்கறவ வேற எப்படிப் பேசுவா?" என்றார் அவர். புதுப் பேட்டரி வாங்கச் சொன்னால்தானே விற்கிறவள்? இருப்பது நல்ல பேட்டரி என்று சொன்ன அம்மாவைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை. அவர் அறிவு அவ்வளவு தூரம்தான் நடக்கும், பிறகு உட்கார்ந்துகொள்ளும்.

அதன்பிறகு தங்கை தினமும் சரிவான இடம் தேடி வண்டியை நிறுத்தினாள். இறக்கத்தில் உருட்டிக் கிளப்புவதற்கு. இப்படியே சில நாள் ஓடியது. அப்போது கம்பெனியில் மிஷின் மாற்றுகிறார்கள் என்று சேர்ந்தாற்போல மூன்று நாள் மூடினார்கள். திறக்கும் நாளில் எல்லா வண்டியையும் கேட்டில் நின்று பார்ப்பதாகச் சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார். மூன்று நாள் நின்றால் வேன் எழுந்திருக்காது. எழுந்திருக்காவிட்டால் ரூட் இல்லை.

திறப்பதற்கு முந்தின நாள் மதியம் வேனை எங்கள் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். சார்ஜ் போட்ட பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பேட்டரிக் கடை அம்மாவும் பின்னாலேயே வந்தாள். மாட்டிவிட்டு, போகாமல், பானெட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, எல்லாம் அணைஞ்சுதான இருக்கு?"

"ஆமாக்கா, சாவியே என் கையிலதான் இருக்கு."

அந்த அம்மா பேட்டரி ஒயரைக் கழற்றினாள். டக். மாட்டினாள். டக். "சும்மா நிக்கற வண்டியில இது யாரு கதவ மூடித் தொறக்கறது?" என்றாள். போய் டீ குடித்துவிட்டு வந்து இரண்டு ரிலே மேலும் கை வைத்தாள். "சுடுது. இப்ப விளக்கப் போடு."

தங்கை விளக்கைப் போட்டாள். டக் என்றது, விளக்கு எரிந்தது. அந்த அம்மா கையை எடுக்காமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் டப்பாவின் சூடு தணிந்தது.

"வேலை இல்லாதப்ப சூடா இருக்கு, வேலை வந்தா ஜில்லுன்னு ஆயிடுது" என்று நிமிர்ந்தாள். "அச்சு அசல் உங்கண்ணனேதான்."

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

டைரக்ட் ஸ்டூலைவிட்டு எழுந்து வந்தார். "ரிலேன்னா சூடாத்தான் இருக்கும். உனக்கு என்ன தெரியும், ஆசிட் ஊத்தறவளுக்கு?"

அந்த அம்மா ஒரு ரிலேயைப் பிடுங்கி, மேலே இருந்த படத்தை அவர் மூக்குக்கு நேரே காட்டினாள். "இதுல பாருங்க, டைரக்ட்டண்ணே. விளக்க நடுக்கால்ல மாட்டியிருக்கீங்க. அதனால விளக்கு அணைஞ்சு இருக்கணும்னா ரிலே ராப்பகலா இழுத்துப் பிடிச்சிட்டே இருக்கணும். விளக்க அணைச்சு வெக்கறதுக்காகவே பேட்டரிய எரிக்கிற ஒயரிங்க இப்பத்தான் பாக்கறேன். பேட்டரி களைச்சுப்போனா பிடி விட்டுடும், விளக்கு தானா எரியும், மிச்சம் இருக்கறதும் போயிடும். ஸ்விட்ச வேற தலைகீழா மாட்டினது யாரு? அதுவும் தானா திரும்பிக்கிச்சா?"

"அது பாதுகாப்பு முறை."

"யாருக்குப் பாதுகாப்பு?"

பதில் இல்லாதவர்கள் உறவைக் கையில் எடுப்பார்கள். தங்கையின் பக்கம் திரும்பினார். குரல் உடைந்ததுபோல வைத்துக்கொண்டார்.

"பாப்பா, நல்லா கேட்டுக்க. இந்தம்மா உன் வண்டியில கை வெச்சா அண்ணன் தங்கச்சிங்கறது இன்னியோட முடிஞ்சுது. உன் வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன். பொறந்த வீடுன்னு சொல்லிக்க உனக்கு ஆளிருக்காது. யோசிச்சுக்க."

தன் தவறு ஒரு ஒயர் தூரத்தில் இருக்கிறது. அதை மாற்றச் சொன்னால் அவளுக்குப் பெற்றவர்களையே இல்லையென்று ஆக்குகிறார். எனக்கு வந்த கோபத்தை ஆண்டவன் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரெக்சின் வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

தங்கை திரும்பி வேனைப் பார்த்தாள். பின்சீட்டில் யாரோ ஒரு பெண் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுப் பை கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அண்ணனிடம் நெருங்கிப் போனாள். காலைத்தான் பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அவரும் அப்படித்தான் நினைத்து முகத்தை ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டார். அவள் கையை நீட்டி அவர் சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை உருவி எடுத்தாள். திரும்பிப் பேட்டரிக் கடை அம்மாவிடம் கொடுத்தாள்.

"மாத்திக் குடுங்கக்கா."

அந்த டெஸ்டர் வாங்கிய நாளிலிருந்து அன்றுதான் வேலை பார்த்தது. அந்த அம்மா நடுக்கால் ஒயர் இரண்டையும் உருவி ஓரத்துக் காலில் செருகினாள். தலைகீழாகத் தொங்கிய ஸ்விட்சைக் கழற்றி நிமிர்த்தி மாட்டினாள். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை. ஸ்விட்சைப் போட்டதும் டக் என்றது, விளக்கு எரிந்தது. அணைத்ததும் அணைந்தது. நான் ஒரு சீட்டுக்கு ஓரம் அடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. டைரக்ட் அதற்குள் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். சாவியை எடுக்க மறந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். கோபத்தைக்கூட அவருக்கு ஒருமுறையில் செய்து முடிக்கத் தெரியாது.

மறுநாள் வேன் ஒரே திருப்பில் கிளம்பியது. கிளம்பும்போது விளக்கு கண்ணைத் திறக்கவில்லை. கேட்டில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். விளக்கைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார், எஞ்சினை நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். எடுத்தது. "சரி, உள்ள போங்க" என்று அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். ரூட் பிழைத்தது. அந்த வார்த்தையை என்னிடம் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. நான் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

டைரக்ட் இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் அவர் குரல் கேட்டது. "என் தங்கச்சி வேனுக்கு ரிலே போட்டது நான்தான். அஞ்சு கால் ரிலே. கம்பெனிக்காரனே பாத்துட்டுச் சரின்னு சொல்லிட்டான்" என்று யாரோ ஒரு லாரிக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் தன் லாரியின் ஹாரனைப் பற்றி விசாரித்தான். அவனுக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் தங்கை கிழிந்த சீட்டைத் தைக்க என்னிடம் வேனைக் கொண்டுவந்தாள். நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். டைரக்ட் தடுப்பைச் சுற்றிக்கொண்டு, கையில் கட்டிங் பிளேயரோடு, ஒன்றும் நடக்காததுபோல வந்தார்.

"பாப்பா, பானெட்டத் தொற. அந்தம்மா என்னமோ அவசரத்துல மாத்திட்டுப் போயிருக்கா. ஒரு தடவ பாத்து டைட் பண்ணிக் குடுத்துடறேன்."

அவள் பானெட்டின் மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அண்ணே, வீட்டுக்கு வா. சோறு போடறேன். வண்டிகிட்ட மட்டும் வராத."

"என்ன பாப்பா இப்படிப் பேசற? நாலு பேர் இருக்கற எடத்துல."

"நாலு பேர் இல்ல, தையக்காரர் ஒருத்தர்தான் இருக்காரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா. அண்ணியையும் கூட்டிட்டு வா."

வாசற்படி மிதிக்கமாட்டேன் என்ற சபதம் இந்த இடத்தில் எழுந்து நிற்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிங் பிளேயரைப் பின்பக்கப் பையில் செருகிக்கொண்டு, "எத்தன மணிக்கு வரட்டும்?" என்றார்.

போனாராம். நன்றாகச் சாப்பிட்டாராம். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கி, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று குறையும் சொன்னாராம். அவள் சிரித்த முகமாகப் பரிமாறினாள், வேன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு.